உதிரி எழுத்துகளைத் தொகுத்தல்: புதுமைப்பித்தனின் பேய்க்கதைகளைச் சூழ்ந்தவை

ஓர் எழுத்தாளர் இதழ்களில் வெளியிட்டுத் தம் வாழ்நாளில் நூலாக்காமல் விட்ட கட்டுரைகளும், குடும்பத்தாருக்கும் நண்பருக்கும் எழுதிய கடிதங்களும், பெயர் பெறுவதற்கு முன் எழுதிப் பார்த்த தொடக்கக் கதைகளும், நூல்களுக்கு எழுதிய முன்னுரைகளும் இந்த இயலில் ‘உதிரி எழுத்து’ என்ற ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. எல்லா எழுத்தாளருக்கும் உதிரிகள் உண்டு. ஆயினும் பேய்க்கதை எழுதியவரின் உதிரிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. கதைக்குள் பேயை நம்புகிறவர்போலவும் நம்பாதவர்போலவும் ஒரே மூச்சில் பேசிவிட்டு ஒளிந்துகொள்ளும் ஆசிரியர், முன்னுரையிலும் கடிதத்திலும்தான் சற்றே முகம் காட்டுகிறார். தமிழுலகில் பேய்க்கதை நெடுங்காலம் பொழுதுபோக்குச் சரக்காகவே எண்ணப்பட்டுவந்ததால், அது வெளியான இதழ்களும் படித்து முடித்ததும் பொட்டலக் கடதாசியாகிப் போயின என்பதையும் தொகுப்பாளர் நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுபவர் சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தன் (1906–1948). அவரைப் பேய்க்கதைக்காரர் என்று மட்டும் சொல்வது அநீதி. ஆனால் நவீனத் தமிழ் உரைநடையில் அச்சத்தை இலக்கியமாக்கியவர் யார் என்று கேட்டால் ‘காஞ்சனை’, ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘செவ்வாய் தோஷம்’ ஆகிய கதைகளை விட்டுவிட்டு விடை சொல்லவும் முடியாது. மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு நாவலான ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ கதையைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கியவரும் அவரே. அவருடைய உதிரிகளைத் தேடும் பணி அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து, பெரும்பகுதி நிறைவேறியும் விட்டதால், புதிதாகத் தொகுக்கத் தொடங்குபவர் எங்கே வழி தவறும், எங்கே வழி திறக்கும் என்பதை அந்தப் பணியின் வரலாற்றைக் கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

கிளிவெட்டி போன்ற ஓர் ஊரிலிருந்து இப்பணியைத் தொடங்குபவருக்கு உள்ள இடர்கள் வெளிப்படையானவை. இலங்கையின் மூதூர்ப் பிரதேசச் செயலாளர் பிரிவைச் சேர்ந்த இந்த நெற்செய்கைக் கிராமத்தில் பழைய தமிழ்நாட்டு இதழ்களின் கோப்பு கிடையாது. வீடுகளில் இருந்த புத்தகங்களும் 1985ஆம் ஆண்டு வன்செயலிலும் 2006ஆம் ஆண்டுப் போர் இடப்பெயர்விலும் பெரிதும் அழிந்தன. சம்பூரிலிருந்து பெயர்ந்து வந்து கிளிவெட்டியின் இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த குடும்பங்களிடம் பழைய கடுதாசி ஒன்றாவது எஞ்சியிருக்குமா என்று கேட்கவே நாக் கூசும். எனவே இவ்வூரிலிருந்து தொகுப்பவர் தாளைத் தேடி ஓடுவதற்கு முன், எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்னும் பட்டியலைத் தேட வேண்டும். அதற்குப் பணமோ பயணமோ முதலில் தேவையில்லை, ஒரு தடித்த கொப்பியும் பொறுமையும் போதும்.

பட்டியல் முதலில், தாள் பிறகு

கொப்பியில் ஓர் எழுத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, அச்சில் உள்ளபடியே தலைப்பு, அச்சில் உள்ளபடியே ஆசிரியர் பெயர், இதழின் பெயர், திங்கள், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை எழுதிய பின், அந்த எழுத்தின் முதல் ஐந்து சொற்களையும் கடைசி ஐந்து சொற்களையும் அப்படியே பெயர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். மறுபதிப்புகளில் தலைப்பு மாறலாம், ஆசிரியர் பெயர் மாறலாம், சில வேளை கதையே இரண்டாகப் பிரிந்தும் வரலாம். முதற்சொற்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை ஆதலால், ஒரே எழுத்தை இரண்டு பெயரில் இருமுறை சேர்த்துவிடும் பிழையிலிருந்து இந்தப் பத்துச் சொற்கள் காப்பாற்றும். பக்கத்தின் மூலையில் மூன்று குறிகளுள் ஒன்று இடப்பட வேண்டும்: இதழைக் கையில் வைத்துப் பார்த்திருந்தால் ‘கண்டது’, பக்கத்தின் நிழற்படத்தை மட்டும் பார்த்திருந்தால் ‘படம்’, வேறொருவர் நூலில் படித்து அறிந்திருந்தால் ‘கேள்வி’. தமிழ்த் தொகுப்புகளில் நேரும் பிழைகளிற் பெரும்பாலானவை ‘கேள்வி’யை எவரோ ஒருவர் ‘கண்டது’ என்று எழுதிவிட்டதால் வந்தவை என்றால் அது மிகையாகாது.

பட்டியலை வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. புதுமைப்பித்தன் மறைந்து மூன்றே ஆண்டுகளில், 1951இல், தொ. மு. சி. ரகுநாதன் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. புதுமைப்பித்தன் எந்தெந்த இதழ்களில் பணியாற்றினார், யாருடன் பழகினார் என்ற விவரம் அதில் இருப்பதால், எந்த இதழ்க் கோப்புகளைத் தேட வேண்டும் என்பதற்கு அது முதல் வரைபடம். 1998இல் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அன்னை இட்ட தீ’ என்ற பெயரில், அதுவரை அச்சேறாதவற்றையும் நூலில் சேராதவற்றையும் தொகுத்தார். அதைத் தொடர்ந்து காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்ட அவருடைய பதிப்பு, கதைகளைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் முதலில் எந்த இதழில் வந்தது என்பதையும் பாடவேறுபாடுகளையும் தந்தது. பாடவேறுபாடு என்பது, ஒரே எழுத்தின் இரு பதிப்புகளுக்கிடையே காணப்படும் சொல் மாற்றம், வரி நீக்கம், சேர்க்கை ஆகியவற்றைக் குறிக்கும். கிளிவெட்டித் தொகுப்பாளர் இந்தப் பதிப்பின் பின்னிணைப்புகளைத் தம் கொப்பியில் ‘கேள்வி’ என்ற குறியுடன் பெயர்த்து எழுதிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி, ஒவ்வொரு ‘கேள்வி’யையும் ‘படம்’ ஆக்குவது.

மூலப் பக்கங்களின் படத்துக்குச் சென்னையைத்தான் நாட வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்துவைத்த ஏறத்தாழ 1,00,000 உருப்படிகளை, அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது; 1930களின் இதழ்களுக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு அதுவே. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் புதுமைப்பித்தன் படைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவை மீண்டும் தட்டச்சிட்ட பிரதிகளே தவிர மூலப் பக்கத்தின் படம் அல்ல ஆகையால், படிப்பதற்குப் போதும், பாடம் ஒப்பிடுவதற்குப் போதாது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பலம் ஈழத்து வெளியீடுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவரை இலங்கை வாசகர் எவ்வாறு ஏற்றனர் என்பதை அறிய, 1930 முதல் சுன்னாகத்திலிருந்து வந்த ‘ஈழகேசரி’ போன்றவற்றின் பக்கங்களை அங்கே புரட்டலாம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்துபோன பிறகு, இத்தகைய படப்பிரதிகளே பல இதழ்களுக்கு எஞ்சியுள்ள உடல்.

பெயர், எழுத்துக்கூட்டல், ஆண்டு

அட்டவணையில் ‘புதுமைப்பித்தன்’ என்று மட்டும் தேடுபவர் பாதியை இழப்பார். அவர் சொ.வி. என்றும், நந்தன் என்றும், கூத்தன் என்றும், இலக்கியச் சண்டைகளில் ரசமட்டம் என்றும், கவிதைகளில் வேளூர் வே. கந்தசாமிக் கவிராயர் என்றும் கையொப்பமிட்டார். புனைபெயர் ஒவ்வொன்றும் ஒரு வேடம் என்பதால், எந்தப் பெயரில் எழுதினார் என்பதை அழித்துவிட்டு எல்லாவற்றையும் ‘புதுமைப்பித்தன்’ என்று மாற்றிவிடும் தொகுப்பு, எழுத்தைக் காப்பாற்றி வேடத்தைத் தொலைத்துவிடுகிறது. அதே வேளையில், நந்தன் போன்ற பொதுப் பெயர்களை வேறு எழுத்தாளரும் வைத்துக்கொண்டிருக்கக்கூடும். எனவே பெயர் ஒத்திருப்பதை மட்டும் நம்பி ஓர் எழுத்தை அவருடையது என்று தீர்மானிக்கக் கூடாது. நடையும் இதழும் காலமும் மூன்றும் ஒத்துவர வேண்டும்.

எழுத்துக்கூட்டலும் தேடுபவரை அலைக்கழிக்கும். முசோலினியைப் பற்றி அவர் எழுதிய நூலின் பெயரில் உள்ள முதற்சொல்லைப் பேஸிஸ்ட் என்றும், பாஸிஸ்ட் என்றும், பாசிஸ்ட் என்றும் வெவ்வேறு அட்டவணைகள் எழுதக்கூடும். மூன்றையும் இட்டுத் தேடுவதே முறை. அந்த நூற்பெயரின் இரண்டாம் சொல் ‘ஜடாமுனி’ என்பது இங்கு கவனிக்கத்தக்கது. சடைமுடியோடு மரத்தில் குடியிருந்து ஆளை அடிக்கும் முனியை இத்தாலியின் சர்வாதிகாரிக்குப் பட்டமாகச் சூட்டியவர், பேயைக் கதைக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அரசியல் கட்டுரைகளைத் தனி மூட்டையாகக் கட்டி ஒதுக்கிவிடும் தொகுப்பாளருக்கு இந்தத் தொடர்பு அகப்படாது.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. பழைய இதழ்கள் சிலவற்றில் ஆங்கில ஆண்டு இராது. தமிழ் வருடப் பெயரும் மாதமும் மட்டுமே இருக்கும். அறுபது வருடச் சுற்றில் 1927 சித்திரையில் பிரபவ தொடங்கியது என்பதை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்: ஸ்ரீமுக 1933–34, பவ 1934–35, சித்திரபானு 1942–43, சுபானு 1943–44, சர்வதாரி 1948–49. இடறும் இடம் மார்கழியின் நடுவில் இருக்கிறது. சித்திரபானு வருடத்துக் கார்த்திகை 1942ஐச் சேர்ந்தது. அதே வருடத்துத் தை 1943ஐச் சேர்ந்தது. மார்கழியோ இரண்டிலும் கால் வைத்திருப்பது. ‘காஞ்சனை’ கலைமகள் இதழில் வெளியான 1943 ஜனவரி இந்தச் சித்திரபானுவுக்குள்தான் வருகிறது என்பதால், வருடப் பெயரை மட்டும் பார்த்து 1942 என்று குறித்துவிடுபவர் ஓர் ஆண்டு பிசகிவிடுவார். திருநெல்வேலியிலும் திருவிதாங்கூரிலும் கொல்லம் ஆண்டும் வழக்கில் இருந்தது. ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டோடு, ஆவணி முதல் டிசம்பர் முடியவுள்ள நாளாயின் 824ஐயும், ஜனவரிக்குப் பின்னுள்ள நாளாயின் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். இந்தியாவின் தென்கோடிக் குடும்பங்களின் கடிதங்களைக் கையாள்பவருக்கு இந்தக் கூட்டல் அடிக்கடி தேவைப்படும்.

தொடக்கக் கதைகளும் தழுவல் வழக்கும்

டி. எஸ். சொக்கலிங்கம் நடத்திய ‘காந்தி’ இதழில் 1933இல் ‘குலோப்ஜான் காதல்’ என்ற எழுத்தோடு புதுமைப்பித்தன் அச்சுக்கு வந்தார். பின்னாளில் ‘காஞ்சனை’ எழுதப்போகிறவரின் முதல் எழுத்து ஓர் இனிப்பின் பெயரைத் தாங்கியிருப்பது, தொடக்க எழுத்துகளைத் தேடுவோர் முன்கூட்டியே எதையும் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு நல்ல பாடம்.

தொடக்கக் கதைகளில் மிகச் சிக்கலானவை தழுவல்கள். தழுவல் என்பது, பிறமொழிக் கதையொன்றின் நிகழ்ச்சிப் பின்னலை எடுத்துக்கொண்டு ஊரையும் பெயரையும் உள்ளூராக்கி எழுதுவது. மொழிபெயர்ப்பு மூலத்தின் பெயரைச் சொல்லும், தழுவல் சொன்னாலும் சொல்லும், சொல்லாமலும் விடும். புதுமைப்பித்தனின் பெயரில் வந்தவற்றுள் ‘பயம்’, ‘கொலைகாரன் கை’, ‘சமாதி’ முதலியவை பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் கதைகளைத் தழுவியவை என்று பின்வந்தோர் எடுத்துக்காட்டினர். பெயர்களைப் பார்த்தாலே தெரிவதுபோல இவை அச்சக் கதைகள். மாப்பசானும் அச்சக் கதையில் கைதேர்ந்தவர். தழுவலைக் கடுமையாகத் தாக்கி மொழிபெயர்ப்புக்காக வாதாடிய ஒருவரே தழுவியிருக்கிறார் என்பதால் எழுந்த பூசல் இன்றும் முற்றாக அடங்கவில்லை. ‘ஈழகேசரி’யின் ஆசிரியராக இருந்த யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம், எழுத்தாளர் சிட்டியுடன் சேர்ந்து எழுதிய ‘தமிழில் சிறுகதை: வரலாறும் வளர்ச்சியும்’ என்ற நூலும் இந்தப் பூசலில் ஒரு கட்சி, ரகுநாதன் 1999இல் மறுப்பாகத் தனி நூலே எழுதினார்.

தொகுப்பாளர் நீதிபதியாக வேண்டியதில்லை. அவர் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் கதைகள் எப்போது, யார் கையால் நூலாயின என்பது. ஆசிரியர் 1948இல் மறைந்த பிறகு, 1950களின் தொடக்கத்தில் ‘புதிய ஒளி’ போன்ற தொகுதிகள் வெளிவந்தன. இதழ்ப் பணியின் அவசரத்தில் எழுதப்பட்டு ஆசிரியரே நூலில் சேர்க்காமல் விட்ட பல எழுத்துகள், தழுவல்கள் உட்பட, சொந்தக் கதைகளின் பக்கத்தில் அவற்றைப்போலவே உட்காரவைக்கப்பட்டன. ஆசிரியர் எதை விட்டார் என்பதும் அவருடைய தீர்ப்பே. ஆகவே கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘ஆசிரியர் நூலாக்கியது’, ‘பிறர் நூலாக்கியது’ என்னும் பிரிவு இன்றியமையாதது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் பூசலின் சூடு பாதி தணிந்திருக்கும்.

முன்னுரைகளை இதே கண்ணால் பார்க்கலாம். ‘காஞ்சனை’ தொகுதிக்கு அவர் எழுதிய முன்னுரையின் தலைப்பே ‘எச்சரிக்கை’. கதைகளை மட்டும் எடுத்துத் தொகுக்கும் மலிவுப் பதிப்புகள் முதலில் வெட்டி எறிவது இத்தகைய பக்கங்களைத்தான்; பழைய புத்தகக் கடையில் ஒரு பதிப்பைக் கையிலெடுத்தால், கதைக்கு முன்னுள்ள பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பது நல்ல பழக்கம்.

கடிதங்கள்

புதுமைப்பித்தன் சென்னையில் இதழ்ப் பணியில் இருந்த காலத்தில் மனைவி கமலா பலகாலம் திருவனந்தபுரத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தார். இறுதிக் காலத்தில் ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புதுமைப்பித்தன் புனே சென்றார். இந்தப் பிரிவுகள் கடிதங்களைப் பிறப்பித்தன. மனைவிக்கு எழுதியவற்றை இளையபாரதி ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் தொகுத்து வெளியிட்டார். இத்தகைய தொகுப்பில் ஒரு பக்கக் குரலே கேட்கும் என்பதால், கமலா விருத்தாசலமும் கதை எழுதியவர் என்பதையும் அவருடைய ‘காசுமாலை’ தொகுதியையும் அருகில் வைத்துக்கொள்வது தகும்.

உலக அளவில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவர் அமெரிக்க அச்சக்கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட். 1937இல் மறைந்த அவருடைய கடிதங்களிலிருந்து தேர்ந்தவை 1965 முதல் 1976 வரை ஐந்து தொகுதிகளாக வந்தன; ஆனால் பல கடிதங்கள் சுருக்கப்பட்டே அச்சேறியதால் முழுப்பாடத்துக்காக வேலையை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. அவருடைய பாடங்களைத் திருத்திப் பதிப்பிப்பதில் முன்னின்ற எஸ். டி. ஜோஷி புனேயில் பிறந்தவர் என்பது ஒரு சுவையான பொருத்தம். சுருக்கி வெளியிடுவதில் உள்ள ஆபத்து இதுதான்: காசு, மருந்து, வாடகை, வயிற்றுக்கோளாறு எல்லாம் ‘இலக்கியத்துக்கு வேண்டாதவை’ என்று நீக்கப்பட்டுவிடும், அச்சம் எங்கிருந்து பிறந்தது என்று தேடுபவருக்கோ அவையே வேண்டும்.

ஓர் அஞ்சலட்டை கைக்கு வந்தால் அதைக் கையாளும் முறை பின்வருமாறு. இரு பக்கத்தையும், ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்து, விறாந்தையில் வெயில் நேரே படாத முற்பகல் வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும். முத்திரையில் ஊர்ப்பெயரும் நாளும் பாதிதான் பதிந்திருக்கும்; தெரிந்த எழுத்தை மட்டும் எழுதி, தெரியாததற்குப் புள்ளி வைக்க வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. தலையில் உள்ள பிள்ளையார் சுழி, ‘சிவமயம்’, ‘க்ஷேமம்’ போன்றவற்றைச் சடங்கென்று விட்டுவிடாமல் எழுத வேண்டும். ஓர் ஆள் எந்த நாளில் சுழியைப் போடாமல் விட்டார் என்பதும் செய்திதான். இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காக எழுதிய வரிகளை, அவை எழுதப்பட்ட இடத்தைச் சுட்டிப் பெயர்க்க வேண்டும். ஒட்டுநாடா, கம்பிப் பின், கண்ணாடித்தாள் உறைப்பூச்சு ஆகிய மூன்றும் தாளுக்குப் பகை.

காப்பும் உரிமையும்

வடகீழ்ப் பருவ மழை அடைத்துக்கொள்ளும் ஐப்பசி முதல் தை வரையான மாதங்களில் கிளிவெட்டியில் தாளின் முதல் எதிரி ஈரம். மற்ற மாதங்களில் கறையானும் இராமபாணப் பூச்சியும். யூரியா பையின் உட்பொலித்தீன் மழை நீரைத் தடுக்கும் என்று அதில் கட்டிவைப்பது வழக்கமெனினும், உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறாமல் பூஞ்சணம் பிடிக்கும். துணியில் சுற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிய அலுமாரியின் மேற்றட்டில் வைப்பது மேல். றங்குப்பெட்டியானால் தரையில் வைக்காமல் கட்டை மீது ஏற்ற வேண்டும். படப்பிரதிகள் கைபேசியில் மட்டும் இருந்தால் இல்லாததற்குச் சமம். வேறு ஊரில் உள்ள உறவினரிடம் ஒன்றும், வெளிநாட்டில் உள்ளவரிடம் ஒன்றும் இருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் 2006ஆம் ஆண்டு இடப்பெயர்வும் கண்ட பகுதியில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

உரிமையில் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதில் உள்ள சொற்களின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுக்கும் உரியது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு நீடிக்கும். இந்தியாவில் 60 ஆண்டு. ஆசிரியர் மறைந்த பின் முதன்முதலாக அச்சேறும் எழுத்துக்கோ, இந்தியச் சட்டம் அது வெளியான ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. பழங்கடிதத்தை வெளியிடுபவர் ‘எழுதியவர் காலமாகிப் பலகாலமாயிற்றே’ என்று அமைதியுற்றுவிடக் கூடாது. புதுமைப்பித்தன் படைப்புகள் நாட்டுடைமையாகிவிட்டன. ஆயினும் பதிப்பாசிரியர் எழுதிய குறிப்புகளும் பின்னிணைப்பும் அவருடைய உழைப்பு, அவற்றைப் பெயர்த்து எழுதுவது வேறு, பெயர் சொல்லாமல் அச்சிடுவது வேறு.

இந்த முறையைப் பழகிய கை, அருகிலேயே வேலை காத்திருப்பதைக் காணும். மூதூரில் வாழ்ந்து ‘தோணி’ எழுதிய வ. அ. இராசரத்தினத்தின் இதழ் எழுத்துகளை இதே கொப்பியின் பின்பாதியில் தொடங்கலாம். பேய்தான் வேண்டும் என்பவர் கொட்டியாரக் குடாவையே எடுத்துக்கொள்ளலாம். 1660இல் அங்கே பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், மலைநாட்டில் இரவில் நாய் குரைப்பதுபோல் கூவும் பேயின் குரலைத் தாமே கேட்டதாகப் பதிந்திருக்கிறார். மறுபதிப்புக்கென்று அவர் பின்னர் எழுதிச் சேர்த்துவைத்தவை அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. கிளிவெட்டியிலிருந்து குடாக்கரை தொலைவில்லை. அதைப் பற்றித் தமிழில் எங்கெங்கே யார் என்ன எழுதினர் என்ற பட்டியலின் முதற்பக்கத்தை, ‘கேள்வி’ என்ற குறியோடு, இன்றே எழுதத் தொடங்கலாம்.